ஜாங்கோவின் லாகின், பாஸ்வேர்ட் மீட்பு, லாகவுட்: ஒரு மாங்காய் மண்டியில் இரண்டு பருவம்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள ஒரு மாங்காய் மண்டிக்கு, எடைச் சீட்டு, விவசாயி கணக்கு, லாரி வாடகை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் இணையச் செயலி ஒன்றைச் செய்து கொடுத்தேன். முதல் பருவமான 2024-இல் அது ஜாங்கோ 4.2 பதிப்பில் ஓடியது. அடுத்த ஆண்டு பெங்களூரா ரக மாங்காயின் வரத்து தொடங்குவதற்கு முன்பு 5.2-க்கு மாற்றினேன். ஜாங்கோ முழுவதையும் இங்கே எடை போடப் போவதில்லை. அதனுடன் சேர்ந்தே வரும் உள்நுழைவு, கடவுச்சொல் மீட்பு, வெளியேறுதல் ஆகியவற்றை நம் ஊர் ஆட்களுக்குத் தோதாக மாற்றியமைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஜாங்கோ பைத்தான் மொழியில் இணையச் செயலி கட்டுவதற்கான சட்டகம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி, 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. விலை கிடையாது. செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்த குணமோ என்னவோ, நாளைக் காலைக்குள் வேலை முடிய வேண்டும் என்று நிற்பவனுக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. முகவரிப் பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் உள்நுழைவு, வெளியேறுதல், கடவுச்சொல் மாற்றம், கடவுச்சொல் மீட்பு ஆகியவற்றுக்கான எட்டு முகவரிகளும் எழுந்து நிற்கின்றன. புதிய பயனர் பதிவு செய்துகொள்ளும் பக்கம் மட்டும் அந்த எட்டில் இல்லை. மண்டிக்கு அது தேவையும் இல்லை. யாருக்குக் கணக்குத் திறப்பது என்பதைக் கணக்குப்பிள்ளைதான் முடிவு செய்கிறார்.

உள்நுழைவை மாற்றியமைப்பது எளிது. உள்நுழைவுப் பக்கத்தின் வார்ப்புருவை, அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பை, ஜாங்கோ தருவதில்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கான கோப்பை ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற அடைவில், அது எதிர்பார்க்கும் பெயரில் வைத்துவிட்டால் போதும். முதன்முதலாக உள்ளே நுழைந்தவுடன் ‘பக்கம் இல்லை’ என்று 404 பிழை வந்தால் பயப்பட வேண்டாம். நுழைந்தவரை ‘அக்கவுண்ட்ஸ் புரொஃபைல்’ என்ற முகவரிக்கு அனுப்பு என்பது அதன் இயல்பு அமைப்பு, அப்படி ஒரு பக்கத்தை நாம் கட்டியிருக்க மாட்டோம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் எடைச் சீட்டுப் பக்கத்துக்கு நேராகப் போய்விடும்.

நம் ஆட்களுக்குப் பயனர் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது, கைப்பேசி எண்தான் அடையாளம். ஆகவே கைப்பேசி எண்ணையே பயனர் பெயராகக் கொள்ளும் பயனர் மாதிரியை, அதாவது ஒரு பயனரைப் பற்றி எவற்றைச் சேமிப்பது என்ற வரையறையை, நானே எழுதினேன். இதைத் தரவுத்தள அட்டவணைகள் முதன்முதலில் உருவாவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்று ஜாங்கோவின் ஆவணங்கள் வற்புறுத்துகின்றன. பாதியில் மாற்றுவது, குடிவந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவதைப் போன்ற வேலை என்பதால், இந்த ஒரு அறிவுரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினேன். எண்ணை ஒருவர் சுழியத்தோடு தொடங்குவார், இன்னொருவர் முன்னால் 91 போடுவார், மூன்றாமவர் ஐந்து இலக்கத்துக்குப் பின் இடம் விட்டு எழுதுவார். உள்நுழைவுப் படிவத்தைத் தழுவி எழுதிய என் படிவத்தில் இவற்றையெல்லாம் கழித்துப் பத்து இலக்கமாக்கும் சிறு துண்டு நிரலைச் சேர்த்தேன். மற்றதை ஜாங்கோவே பார்த்துக்கொண்டது. பயனர் பெயர் என்ற இடத்தில் கைப்பேசி எண் வந்துவிட்டதால், பிழைச் செய்தியிலும் அந்தப் பெயர் தானாக மாறிக்கொண்டது நல்ல தச்சன் செய்த பொருத்து.

அந்தப் பிழைச் செய்தியைத் தமிழாக்கும்போதுதான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆங்கில மூலத்தில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்குமாறு ஓர் எச்சரிக்கை உண்டு. அதை அப்படியே தமிழில் எழுதினால் படிப்பவர் எழுத்தின் அளவைக் குறைப்பது எப்படி என்று தேடத் தொடங்குவார். ஆகவே அதை எடுத்துவிட்டு, ‘எண்ணோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை, இன்னொரு முறை பார்த்து எழுதுங்கள்’ என்று வைத்தேன். தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாச் செய்தியும் தமிழில் வரும் என்று நம்பிவிடக் கூடாது. என் கண்ணில் பட்ட பல வாக்கியங்கள் ஆங்கிலத்திலேயே நின்றன. நம் மொழிபெயர்ப்புக் கோப்பைத் தனி அடைவில் வைத்து அமைப்பில் சுட்டிக் காட்டினால், ஜாங்கோ தன்னுடையதை விட்டு நம்முடையதை முதலில் எடுத்துக்கொள்கிறது.

கடவுச்சொல்லின் தரத்தைச் சோதிக்க நான்கு சோதனைகள் கூடவே வருகின்றன: பயனரின் விவரங்களோடு ஒத்திருக்கக் கூடாது, எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது, பலரும் வைக்கும் இருபதாயிரம் கடவுச்சொற்களுள் ஒன்றாக இருக்கக் கூடாது, வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. இவற்றுள் முதலாவது, பெயர், மின்னஞ்சல் போன்ற வழக்கமான விவரங்களை மட்டுமே ஒப்பிடும். கைப்பேசி எண் என்ற புதிய புலத்தை நாம்தான் அதன் பட்டியலில் சேர்க்க வேண்டும். இரண்டாவது சோதனையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எடை மேடையில் உள்ள ஒருவர் ‘மாங்காய்’ என்று தமிழிலேயே கடவுச்சொல் வைத்தார், அது ஏற்கப்பட்டது. நமக்கு அது நான்கு எழுத்து. கணினிக்கோ மகரம் ஒன்று, துணைக்கால் ஒன்று, ஙகரம் ஒன்று, புள்ளி ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் சரியாக எட்டு. மாங்காய் மண்டியில் ‘மாங்காய்’ என்பது எவ்வளவு பாதுகாப்பான கடவுச்சொல் என்று நான் சொல்லத் தேவையில்லை. தமிழ் எழுத்துகளை நாம் எண்ணுவது போல எண்ணும் சோதனை ஒன்றைப் பத்து வரியில் எழுதி அந்தப் பட்டியலில் சேர்த்தேன். அப்படிச் சேர்க்க இடம் விட்டு வைத்திருப்பது இந்தப் பகுதியின் பெரிய குணம்.

இனி, கடவுச்சொல் மீட்பு. என் நேரத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொண்டது இதுதான்.

இது இயங்கும் முறை அழகானது. மறந்தவர் தன் மின்னஞ்சலைக் கொடுத்தவுடன் ஒரு சுட்டி போகிறது. அந்தச் சுட்டியில் உள்ள குறி, அதாவது இவருக்கென்றே செய்த எழுத்துக்கோவை, தரவுத்தளத்தில் எங்கும் சேமிக்கப்படுவதில்லை. பயனரின் எண், தற்போதைய கடவுச்சொல்லின் சிதைவு வடிவம் (மூலத்தைத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிச் சேமித்தது), கடைசியாக உள்நுழைந்த நேரம், மின்னஞ்சல், சுட்டி உருவான நேரம் ஆகியவற்றைச் செயலியின் இரகசியச் சாவியோடு பிசைந்து அந்தக் குறி செய்யப்படுகிறது. சுட்டியைத் திறக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால் மட்டும் வழி விடுகிறது. கடவுச்சொல் மாறிய அந்த நொடியே பழைய சுட்டி செத்துவிடும். அதற்கிடையில் பழைய கடவுச்சொல் நினைவுக்கு வந்து ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டாலும், கடைசி உள்நுழைவு நேரம் மாறிவிடுவதால் சுட்டி செல்லாது. இயல்பாக அதன் ஆயுள் மூன்று நாள். சுட்டியைத் திறந்தவுடன் குறியைத் தற்காலிக அமர்வுக்குள் (ஒருவர் செயலியில் இருக்கும் வரை அவரைப் பற்றி அது வைத்துக்கொள்ளும் நினைவுக்குள்) மறைத்துவிட்டு முகவரிப் பட்டையில் வேறு சொல்லைக் காட்டும் நுணுக்கமும் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வேறு தளத்துக்குப் போனாலும் குறி கசியாமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. கொடுத்த மின்னஞ்சலுக்குக் கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் திரையில் காட்டும், யாருக்குக் கணக்கு உண்டு என்று வெளியாள் வேவு பார்க்க முடியாது. இத்தனையையும் நான் சொந்தமாக எழுதியிருந்தால் பாதியை மறந்திருப்பேன், மீதியைத் தப்பாகச் செய்திருப்பேன்.

ஆனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு, அதை அவர் நாள்தோறும் பார்க்கிறார் என்ற எண்ணத்தின் மேல்தான் இந்த அழகெல்லாம் நிற்கிறது. சந்தூரிலிருந்தோ போச்சம்பள்ளியிலிருந்தோ டிராக்டரில் மாங்காய் ஏற்றி வரும் விவசாயியின் கைப்பேசியிலும் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கத்தான் செய்யும். கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரப் பையன் உண்டாக்கிக் கொடுத்தது. அதன் பெயர் என்ன என்று கேட்டால் இவருக்குத் தெரியாது.

முதல் பருவத்தில் இதற்கு நான் கண்ட குறுக்கு வழி என் அனுபவத்தில் மிக மோசமானது. எடை மேடை ஆட்கள் பதினொரு பேருக்கும் மண்டி முதலாளியின் மின்னஞ்சலையே பதிவு செய்து வைத்தேன். ஒரே மின்னஞ்சல் பலருக்கு இருந்தால், ஒருவர் மறந்துவிட்டேன் என்று கேட்டாலும் அத்தனை கணக்குக்கும் தனித்தனியாக மீட்புக் கடிதம் அனுப்புவது ஜாங்கோவின் வழக்கம். ஆவணத்தை மேலோட்டமாகப் படித்த எனக்கு அது உறைக்கவில்லை. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, லாரிகள் வரிசையில் நிற்கும் நேரத்தில், ஒருவர் கடவுச்சொல்லை மறந்தார். முதலாளியின் கைப்பேசியில் பதினொரு கடிதங்கள் வந்து விழுந்தன. இயல்பு வார்ப்புருவில் பயனர் பெயரைக் குறிப்பிடும் வரி ஒன்று உண்டு. தமிழில் நான் எழுதிய வார்ப்புருவில், நீளமாக இருக்கிறதே என்று அந்த வரியை நானேதான் எடுத்துவிட்டிருந்தேன். பதினொன்றும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருந்தன. முதலாளி முதலில் கையில் பட்டதைத் திறந்து புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தார். மாறியது வேறு ஒருவருடைய கடவுச்சொல். மறந்தவர் வெளியே நின்றது போதாதென்று, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவரும் பாதிச் சீட்டில் வெளியே வந்துவிட்டார். கடவுச்சொல் மாறினால் அந்தக் கணக்கின் மற்ற அமர்வுகள் எல்லாம் செல்லாமல் போவது பாதுகாப்புக்கான ஏற்பாடு. குற்றம் முழுவதும் என்னுடையது.

இன்னொரு சறுக்கலும் என் கணக்கில்தான். விவசாயிகளைப் பழைய பேரேட்டிலிருந்து மொத்தமாக ஏற்றியபோது, கடவுச்சொல் இல்லாத கணக்குகளாக ஏற்றினேன். மீட்பு வழியாக அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணம். மின்னஞ்சல் வைத்திருந்த நான்கைந்து பேர் கேட்டுப் பார்த்தார்கள். ‘அனுப்பியிருக்கிறோம்’ என்று திரை சொன்னது, கடிதம் வரவில்லை. பயன்படுத்தத்தக்க கடவுச்சொல் இல்லாத கணக்குக்கு மீட்புக் கடிதம் போகாது என்பது விதி. வேறு அமைப்பின் மூலம் உள்நுழைபவர்களுக்கு இங்கே தவறுதலாகக் கடவுச்சொல் உண்டாகிவிடக் கூடாது என்பது அதன் நியாயம். யாருக்குக் கடிதம் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு செயல்முறை மீட்புப் படிவத்தில் தனியாக இருக்கிறது, அதை மட்டும் மாற்றி எழுதினால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திரை எதையும் சொல்லாததால், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது.

இரண்டாம் பருவத்துக்கு மின்னஞ்சலை ஏறக்குறைய கைவிட்டேன், ஆனால் குறி செய்யும் பொறியைத் தொடவில்லை. கணக்குப்பிள்ளையின் திரையில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘மீட்புச் சுட்டி’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால், கடிதத்தில் போகும் அதே சுட்டியை, அதே முறையில் செய்து திரையில் காட்டும். கணக்குப்பிள்ளை ஆளின் குரலைக் கேட்டு, இன்னார்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஆயுளை மூன்று நாளிலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். அமைப்பில் 3600 என்று ஒரு எண், அவ்வளவுதான். சுட்டியை வாட்ஸ்அப் முன்கூட்டியே திறந்து பார்த்து முன்னோட்டம் காட்டுமே, அதனால் வீணாகிவிடாதா என்று முதலில் அஞ்சினேன். திறப்பதனால் மட்டும் குறி செல்லாமல் போவதில்லை, கடவுச்சொல் உண்மையில் மாறினால்தான் போகும் என்பதால் சிக்கல் வரவில்லை. சுட்டியை உண்டாக்கியவர் யார், எப்போது என்பதைத் தனிப் பேரேட்டில் பதியும்படியும் செய்தேன், ஏனென்றால் இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை முழுவதும் கணக்குப்பிள்ளையின் மேல் ஏறிவிடுகிறது. இதற்கெல்லாம் நான் எழுதிய நிரல் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. மின்னஞ்சல் இல்லாத ஊருக்கு ஜாங்கோ எதையும் செய்து வைக்கவில்லை என்பது குறைதான், ஆனால் பொறியையும் அதை அனுப்பும் வழியையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தனித்தனியாக வைத்ததால் அந்தக் குறையை நாமே தீர்த்துக்கொள்ள முடிகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைப் பரிந்துரைப்பேன்.

மின்னஞ்சலை வைத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ‘சைட்ஸ்’ என்ற துணைப் பகுதியைச் சேர்த்திருந்தால், தளத்தின் பெயரை அங்கே மாற்றும் வரை, கடிதத்தில் உள்ள சுட்டி ‘எக்ஸாம்பிள் டாட் காம்’ என்றே போகும். அடுத்தது, மீட்புப் பக்கங்களுக்கு நாம் எழுதிய வார்ப்புருவுக்குப் பதிலாக ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத் தோற்றம் வந்து நின்றால், நம் செயலியை அமைப்புப் பட்டியலில் நிர்வாகப் பகுதிக்குக் கீழே எழுதியிருக்கிறோம் என்று பொருள். இரண்டுக்கும் ஒரே பெயரில் கோப்பு இருப்பதால் முன்னால் நிற்பவர் வெல்கிறார். மேலே தூக்கி வைத்தால் சரியாகிவிடும்.

தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயல்பவரைத் தடுக்கும் ஏற்பாடு உள்ளமைவாக இல்லை. இதை நான் சிறு குறையாக நினைக்கவில்லை. கைப்பேசி எண் பயனர் பெயராக உள்ள இடத்தில், எண் ஊருக்கே தெரியும் என்பதால், மீதம் உள்ள ஒரே பூட்டு கடவுச்சொல்தான். லாரி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் இங்கே நிறைய உண்டு. ‘டிஎன் 24’ என்று தொடங்குவதால் அது வெறும் எண் என்ற சோதனையில் மாட்டாது. ‘ஜாங்கோ ஆக்ஸஸ்’ என்ற கூடுதல் தொகுப்பைச் சேர்த்து, ஐந்து முறை தவறினால் சற்று நேரம் பூட்டும்படி வைத்திருக்கிறேன். கடவுச்சொல்லைச் சிதைத்து வைக்கும் முறை தன்னளவில் கடினமானது. சிதைக்கும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடுவது 4.2-இல் 6,00,000 சுற்றாக இருந்தது, 5.2-இல் 10,00,000 சுற்றாகியிருக்கிறது. பழைய கடவுச்சொற்களை அவரவர் அடுத்த முறை உள்நுழையும்போது தானே புதிய அளவுக்கு மாற்றிக்கொள்கிறது. மலிவான சர்வரில் உள்நுழையும்போது ஒரு மூச்சு விடும் நேரம் தாமதம் தெரிகிறது, அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வெளியேறுதலில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். எடை மேடைக் கணினி ஒன்று. அதில் பகல் ஆள், இரவு ஆள் என்று மாறி மாறி உட்கார்கிறார்கள். ஒருவர் வெளியேறாமல் போனால் அடுத்தவர் போடும் சீட்டு முன்னவர் பெயரில் ஏறும். 4.2-இல் வெளியேறுவதற்குச் சாதாரணச் சுட்டி ஒன்றை வைத்திருந்தேன். 5.2-க்கு மாற்றிய அன்று அதை அழுத்தியவர்களுக்கு 405 என்ற பிழை, அதாவது ‘இந்த முறையில் கேட்கக் கூடாது’ என்ற பதில், வந்தது. சுட்டியைத் தொட்டதுமே வெளியேற்றும் பழைய முறையை 2022-இல் வந்த 4.1 பதிப்பிலேயே கைவிடப்போவதாக அறிவித்து, 2023 இறுதியில் வந்த 5.0-இல் நீக்கிவிட்டார்கள். அந்த எச்சரிக்கையை நான் பார்க்காமல் விட்டேன். அவர்கள் செய்தது சரி என்பதே என் கருத்து. வேறொரு தளம் தன் பக்கத்தில் நம் வெளியேறும் முகவரிக்கு ஒரு சுட்டியை வைத்துவிட்டால் போதும், அதைத் தொட்டவர் எல்லாரும் நம் செயலியிலிருந்து வெளியே விழுவார்கள். உலாவி முன்கூட்டியே பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ளும் வழக்கத்தாலும் அப்படி நேரலாம். இப்போது வெளியேறுவது ஒரு படிவம், அதில் ஒரு பொத்தான், கூடவே போலிக் கோரிக்கையைத் தடுக்கும் குறி. தோற்றத்தில் பழைய சுட்டியைப் போலவே வைத்துவிடலாம்.

வெளியேறியவுடன் அமர்வு முழுவதும் துடைக்கப்படுகிறது. ஆனால் உலாவியின் பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முந்தைய எடைச் சீட்டு அதன் நினைவிலிருந்து தெரிந்தது. சீட்டுப் பக்கங்களைச் சேமித்து வைக்காதே என்று உலாவிக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்து அதை நிறுத்தினேன். அமர்வின் ஆயுள் இயல்பாக இரண்டு வாரம். விவசாயிகளின் கைப்பேசிக்கு அது பொருத்தம். எடை மேடைக் கணினிக்கு மட்டும், உள்நுழையும்போதே எட்டு மணி நேரம் என்று வைத்தேன்.

பிறகு பொத்தானின் பெயர். தமிழ்ச் செயலி என்பதால் முதலில் ‘வெளியேறு’ என்று வைத்திருந்தேன். எடை மேடையில் உள்ள பெரியவர் ஒருவர், “என்ன சார், முதலாளி சொல்ற மாதிரி வெளியேறுன்னு போட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ‘கணக்கை மூடு’ என்று மாற்றினேன். அது அதைவிடக் கெடுதலாகப் போயிற்று. பாக்கி வர வேண்டிய விவசாயிகள் இருவர், அந்தப் பொத்தானை அழுத்தினால் வரவேண்டியது வராமல் போய்விடுமா என்று கணக்குப்பிள்ளையிடம் விசாரித்திருக்கிறார்கள். கடைசியில் தமிழ் எழுத்தில் ‘லாகவுட்’ என்றே போட்டுவிட்டேன். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.